அழகி

‘அழகு’ என்பதிலிருந்து பிறந்த பெண்பாற் பெயர். தமிழ்ப் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் ‘பாப்பிலியோனிடே’ குடும்பத்துக்கு இதைச் சூட்டினர். ‘ஸ்வாலோடெயில்’ என்னும் ஆங்கிலப் பெயரோ, பின்சிறகின் நீட்சியைத் தகைவிலான் குருவியின் பிளவுபட்ட வாலோடு ஒப்பிட்டு எழுந்தது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் பொன்னழகிக்கு வாலே கிடையாது. தமிழ்ப் பெயர்தான் எல்லாருக்கும் பொருந்துகிறது.

இலத்தீனில் ‘பாப்பிலியோ’ என்றால் பட்டாம்பூச்சி. சிறகு விரித்தாற்போன்ற கூடாரத்தையும் குறித்தது. கிரிக்கெட்டின் ‘பெவிலியன்’ அதன் வழிவந்ததே.

அழகிகளின் இருப்பிடத்தைப் புழு தின்னும் இலையே பெரிதும் தீர்மானிக்கிறது. கறிவேப்பிலை அழகிக்கு வீட்டுக் கொல்லை போதும். ஈசுவரமூலிக் கொடியில் முட்டையிடும் பொன்னழகிக்குக் காடும் காடொட்டிய தோட்டமும் வேண்டும். கொடி அழிந்தால், பெயர் மட்டுமே நம்மிடம் மிஞ்சும்.