இலங்கைத் தமிழர் முகாம்கள், விருதுநகர் மாவட்டம்

1983 ஜூலை வன்முறை முதல் 2009 முள்ளிவாய்க்கால் வரை நீண்ட போருக்குத் தப்பி வந்தவர்கள் வாழும் குடியிருப்புகள். குல்லூர்சந்தை முகாம் அவற்றுள் ஒன்று. 2021இல் தமிழக அரசு இவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. உதவித்தொகையும் ரேஷன் அரிசியும் கிடைக்கின்றன. ஆனால் அவை அரசின் கருணையே தவிர, சட்டம் தந்த உரிமை அல்ல. முகாமிலேயே பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்த பிள்ளைக்கும் இதுதான் நிலை; குடியுரிமையும் எட்டாது: 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளோடு நின்றுவிட்டது.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, ஆகவே கடமையில்லை என்பார்கள். அது முழு உண்மையன்று. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு குடிமகனை மட்டுமல்ல, மண்ணில் நிற்கும் ஒவ்வொருவரையும் காக்கிறது. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 1991இல் திருப்பெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் எழுந்த பாதுகாப்புக் கவலை நியாயமானதே. ஆனால் அது தனிமனிதரை விசாரிக்கக் காரணமாகலாம்; அதன் பின்னர் பிறந்த தலைமுறையை நாடற்றதாக வைக்கக் காரணமாகாது. நாடாளுமன்றம் அகதிகளுக்கென்று சட்டம் இயற்ற வேண்டும்.