திருடப்பட்ட தகவல்களும் திரும்பிவந்த சில டொலர்களும்

அமெரிக்காவின் ஈக்குவிபெக்ஸ் நிறுவனம் 2017 செப்டெம்பர் 7 ஆம் திகதி ஓர் அறிவித்தலை விடுத்தது. தனது கணினிகளுக்குள் ஊடுருவியோர் கோடிக்கணக்கான மக்களின் பெயர், பிறந்த திகதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஆகியவற்றைக் கவர்ந்து சென்றுவிட்டனர் என்பதே அதன் சாரம். பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

ஈக்குவிபெக்ஸ் பொருள் விற்கும் கடையன்று. யார் எவ்வளவு கடன் பெற்றார், அதனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினாரா என்ற விபரங்களைத் திரட்டி வங்கிகளுக்கு வழங்கும் தனியார் நிறுவனம் அது. எமது நாட்டில் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் பணியகம் செய்யும் வேலையை அங்கு இலாபநோக்குள்ள கம்பனிகள் செய்கின்றன. ஆகவே களவுபோன தகவல்களுக்கு உரியவர்களில் பெரும்பாலானோர் அந்நிறுவனத்தைத் தாமாகத் தெரிவு செய்தவர்களல்லர். விரும்பாவிட்டால் விலகிச் செல்லவும் அவர்களுக்கு வழியில்லை.

ஊடுருவல் நிகழ்ந்த விதம் வியப்புக்குரியதன்று, வெட்கத்துக்குரியது. அந்நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஒரு குறைபாடு இருப்பதும் அதனைத் திருத்தும் வழியும் 2017 மார்ச் மாதத்திலேயே பகிரங்கமாக வெளியிடப்பட்டிருந்தன. திருத்தம் செய்யப்படவில்லை. மே மாதத்தில் நுழைந்த திருடர்கள் ஜூலை 29 வரை, அதாவது இரண்டரை மாதங்கள், எவர் கண்ணிலும் படாமல் உலாவினர். வலையமைப்பைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் கடந்திருந்தமையே அதற்கு ஒரு காரணம். காவலாளி உறங்கவில்லை, அவனுக்குக் கண்ணே கட்டப்பட்டிருந்தது. சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது அமெரிக்க நீதித் திணைக்களம் 2020 பெப்ரவரியில் குற்றஞ்சாட்டியது. அவர்கள் அகப்படாத தூரத்தில் இருப்பவர்கள். மக்கள் வழக்காடக்கூடியதாக இருந்தது கதவைத் திறந்து வைத்திருந்த நிறுவனத்துடன் மட்டுமே.

இங்குதான் 'கிளாஸ் அக்ஷன்' எனப்படும் கூட்டு வழக்கு முன்னுக்கு வருகின்றது. ஒருவருக்கு ஏற்பட்ட நட்டம் நூறு டொலர் என்றால் அதற்காக எந்தச் சட்டத்தரணியும் நீதிமன்றப் படியேற மாட்டார். அதே நட்டம் கோடிப்பேருக்கு ஏற்பட்டிருந்தால் அனைவர் சார்பிலும் சிலர் முன்னின்று ஒரே வழக்காகத் தொடுக்கலாம். அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களின் குடியியல் நடவடிக்கை விதிகளில் 23 ஆவது விதி இதற்கு இடமளிக்கின்றது. 1966 இல் திருத்தப்பட்ட அவ்விதியின்படி, நட்டஈட்டு வழக்குகளில் விலகுவதாக அறிவிக்காத அனைவரும் வழக்கினுள் அடங்குவர். வழக்கொன்று நடப்பதை அறியாதவரும் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இதுவே என்பது எமது கருத்து.

நிறுவனங்களும் இதனை நன்கு அறிந்தே இருக்கின்றன. பாதிக்கப்பட்டோருக்கு இலவசக் கண்காணிப்புச் சேவை தருவதாகக் கூறிய ஈக்குவிபெக்ஸ், அதில் இணைவோர் கூட்டு வழக்குத் தொடராது மத்தியஸ்தத்துக்கே செல்ல வேண்டும் என்றொரு நிபந்தனையையும் சிறிய எழுத்தில் சேர்த்திருந்தது. கண்டனம் எழுந்த பின்னரே அது நீக்கப்பட்டது. இத்தகைய நிபந்தனைகள் செல்லுபடியாகும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2011 இல் ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

அட்லாண்டா நகரிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்ட வழக்குகள் 2019 ஜூலையில் இணக்கப்பாட்டில் முடிந்தன. சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவும் மாநில அரசுகளும் சம்பந்தப்பட்ட அந்த உடன்பாட்டின் மொத்தத் தொகை 70 கோடி டொலர் வரை செல்லலாம் எனத் தலைப்புச் செய்திகள் முழங்கின. கண்காணிப்புச் சேவை வேண்டாதோர் 125 டொலர் வரை பணமாகப் பெறலாம் என்றும் கூறப்பட்டது. ஆனால் அப்பணத்துக்கென ஒதுக்கப்பட்டது 3 கோடியே 10 இலட்சம் டொலர் மாத்திரமே. ஆளுக்கு 125 டொலர் வீதம் கொடுத்தால் 2 இலட்சத்து 48 ஆயிரம் பேருடன் அது தீர்ந்துவிடும். பாதிக்கப்பட்டவர்களோ 14 கோடிக்கு மேல்! விண்ணப்பங்கள் குவிந்ததும், ஒரு வாரமும் பத்து நாட்களும் கடப்பதற்குள், பணத்தை விடுத்துக் கண்காணிப்புச் சேவையைத் தெரிவு செய்யுமாறு ஆணைக்குழுவே மக்களை வேண்ட நேர்ந்தது. 2022 டிசம்பரில் கொடுப்பனவுகள் ஆரம்பமானபோது பலருக்குக் கிடைத்தது சில டொலர்களே.

சட்டத்தரணிகளின் கட்டணமாக நீதிமன்றம் அனுமதித்த தொகை 7 கோடியே 75 இலட்சம் டொலர். இதைக் கேட்டதும் கொள்ளை என்று கூறத் தோன்றும். எனினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாவனையாளர் நிதியான 38 கோடி டொலர் அளவான தொகையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வழக்குத் தோற்றிருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது எதுவுமில்லை. உண்மையில் தமது அடையாளம் களவாடப்பட்டுப் பண இழப்புக்குள்ளானோர் ஆதாரம் காட்டி 20,000 டொலர் வரை கோரவும் இடமிருந்தது. ஐந்தாண்டுகளில் பாதுகாப்புக்காகக் குறைந்தது 100 கோடி டொலர் செலவிடுமாறும் நிறுவனம் கட்டுப்படுத்தப்பட்டது. தலைக்குச் சில டொலர் என்பதைவிட இந்த நிபந்தனையே பெறுமதியானது என்று நாம் கருதுகின்றோம்.

இவ்வழக்குகளில் எப்போதும் எழும் கேள்வி, நட்டம் எது என்பதாகும். தகவல் களவுபோயிற்று, இன்னும் எவரும் அதைப் பயன்படுத்தவில்லை. அப்படியாயின் நட்டஈடு கேட்கலாமா? 2021 ஜூனில் ட்ரான்ஸ்யூனியன் என்ற மற்றொரு கடன் தகவல் நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. அது தகவல் திருட்டு வழக்கன்று. பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துவோர் முதலானோரைக் கொண்ட அரசாங்கப் பட்டியலிலுள்ள பெயர்களுடன் ஒத்திருந்தமைக்காக 8,185 பேரின் கோவைகளில் சந்தேகக் குறிப்பு இடப்பட்டிருந்தது. பெயரொற்றுமையால் விளையும் இன்னலை எமது வாசகர்களுக்கு, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், விளக்க வேண்டியதில்லை. எவருடைய அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேருக்கு மட்டுமே நட்டஈடு கோரி வழக்காடும் உரித்து உண்டு என்றும், கோவைக்குள் கிடந்த பொய் ஏனைய 6,332 பேருக்குத் தீங்கு செய்யவில்லை என்றும் பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். அன்றுதொட்டுத் தகவல் திருட்டு வழக்குகளிலும் எதிராளிகள் இத்தீர்ப்பையே கேடயமாக ஏந்துகின்றனர்.

பிரித்தானியாவும் இவ்விடயத்தில் இறுக்கமாகவே நடந்துகொண்டது. 40 இலட்சத்துக்கும் அதிகமான ஐபோன் பாவனையாளர்கள் சார்பில் கூகிள் நிறுவனத்துக்கு எதிராக ஒருவர் கொண்டுவந்த பிரதிநிதித்துவ வழக்கை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் நிராகரித்தது. ஒவ்வொருவருக்கும் ஏற்பட்ட நட்டத்தைத் தனித்தனியே காட்டாது அனைவருக்கும் ஒரே தொகையைக் கேட்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு.

இத்தீர்ப்பு இலங்கைக்கும் தூரமானதன்று. எமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16 ஆம் பிரிவும் ஆங்கிலேயரின் அதே வழிமுறையிலிருந்து வந்ததே. பொதுவான நலனுடைய பலர் சார்பில் ஒருவரோ சிலரோ நீதிமன்றின் அனுமதியுடன் வழக்காடலாம் என அது கூறுகின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க வழிசெய்துள்ளது. எனினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன.

தொலைபேசி இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்துவிட்டு வரும் ஒருவர், நாளை அது களவுபோனால் அந்த 16 ஆம் பிரிவையே நாடலாம். ஆனால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வழக்குப் பற்றி நேரிலோ, இயலாவிடின் பகிரங்க விளம்பரம் மூலமோ அறிவிக்க வேண்டும் என்பதும் அப்பிரிவின் நிபந்தனையாகும். அதற்கான செலவு முழுவதும் வழக்காட முன்வருபவரையே சாரும்.