பெரட்டுக் களத்திலிருந்து ஆலை வாசலுக்கு

மலேசியாவில் இன்று அடுக்குமாடிகள் நிற்கும் சுபாங் ஜெயா, முன்பு சீஃபீல்டு ரப்பர் தோட்டம். கிள்ளான் வட்டாரத்தின் பல தோட்டங்களைப் போலவே இங்கும் தமிழர்கள் பால்மரம் வெட்டி வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் களத்தில், பேர் கொடுத்து, பட்டையைச் சாய்வாகச் சீவி, கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோனால்தான் அன்றைய கூலி.

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துத் தோட்டம் மாறத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் கடனும், ஆள் சேர்த்து மேய்த்த கங்காணியின் பிடியும் அந்த உரிமையைப் பெரும்பாலும் ஏட்டளவில் நிறுத்தின. வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்காகவும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், ஆள் போவது அவருக்கு நேரடி நட்டம்.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு, தோட்ட நிர்வாகியான துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். இந்தக் கோரிக்கையே அப்போராட்டத்தின் உயிர். போராட்டத் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

1970களில் அருகிலிருந்த சுங்கைவே மின்னணு ஆலைகள் ஆள் எடுத்தபோது, தோட்டத்து இளம்பெண்கள் பலருக்கு ஆலை வேலை முதன்முறையாக எட்டியது. 1976இல் சுபாங் ஜெயா நகரமாக எழத் தொடங்கியது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் ஓட்டுநராகவும், எழுத்தராகவும், ஆலைத் தொழிலாளராகவும் மாறினார்கள். விரும்பி மாறியவர்களும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்து வீட்டை இழந்ததால் மாறியவர்களும் உண்டு.