மார்ஷல் குடித்த கோப்பையும் ஹவாயில் உறைந்த ரத்தமும்

இரைப்பைப் புற்றுநோய்ப் பக்கம் நோபல் பரிசு இரண்டு முறை எட்டிப் பார்த்திருக்கிறது. முதல் முறை அவசரப்பட்டு மாட்டிக்கொண்டது. இரண்டாம் முறை ரொம்ப ஜாக்கிரதையாக, புற்றுநோய் என்ற வார்த்தையையே பரிசுக் குறிப்பில் எழுதாமல் ஒதுங்கிக்கொண்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் 79 வருஷம்.

முதல் ஆசாமி டென்மார்க்கின் யோஹன்னஸ் ஃபிபிகர். எலிகளின் இரைப்பையில் கட்டிகளைப் பார்த்தார். கூடவே புழுக்களும் இருந்தன. கரப்பான்பூச்சியைத் தின்னும் எலிக்குள் அந்தப் புழு போகிறது, அதுதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றார். 1926-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது, எலிகளுக்குக் கொடுத்த சாப்பாட்டில் வைட்டமின் ஏ இல்லாததுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. அவர் பார்த்தவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. புற்றுநோய்க்கும் ஒட்டுண்ணிக்கும் முடிச்சுப் போட வருகிறவர்களைச் சந்தேகத்தோடு பார்க்க இது ஒரு நல்ல சாக்காகிவிட்டது.

இரண்டாவது கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில் பெர்த் நகரம். அங்கே ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர். 1979 ஜூனில், தன்னுடைய 42-வது பிறந்தநாளன்று, ஒரு நோயாளியின் இரைப்பைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். சளிப்படலத்தின் மேல் வளைந்த பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

"இரைப்பையில் இருப்பது அமிலம், அதில் எந்தக் கிருமியும் குடியிருக்காது" என்பது அன்றைய வேதவாக்கு. 1954-ல் எடி பாமர் என்ற அமெரிக்க மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுவைப் பார்த்துவிட்டு, கிருமி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். அவர் பயன்படுத்திய வழக்கமான சாயத்தில் இந்தக் கிருமி எளிதில் கண்ணுக்குப் படாது. அதற்கும் முன்னால், 1893-லேயே இத்தாலியின் பிஸ்ஸொஸெரோ நாய்களின் இரைப்பையில் சுருள் கிருமிகளைப் பார்த்துப் படம் வரைந்து வைத்திருந்தார். அது அப்படியே தூசி படிந்து கிடந்தது.

1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் பயிற்சி மருத்துவர் வாரனோடு சேர்ந்தார். 100 நோயாளிகளுக்கு எண்டோஸ்கோபி செய்து திசு எடுத்தார்கள். கிருமியைத் தட்டில் வளர்க்கப் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றும் முளைக்கவில்லை. லேபில் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் போடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் அப்படியே இன்குபேட்டரில் நாலைந்து நாள் கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால், முளைத்திருந்தது! இந்தக் கிருமி நிதானமாக வளரும் ஜாதி, அவ்வளவுதான். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1989-ல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள்.

அந்த 100 பேரில் முன்சிறுகுடலில் புண் இருந்த 13 பேருக்கும் கிருமி இருந்தது. பெரிய மருத்துவர்கள் நம்பவில்லை. அல்சர் என்றால் டென்ஷன், காரம், அமிலம். அதற்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. முடிந்தது கதை. அந்த மாத்திரைகள் அப்போது உலகத்திலேயே நன்றாக விற்றுக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுமை இழந்த மார்ஷல் 1984-ல் கிருமி வளர்த்த குழம்பை ஒரே மடக்கில் குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி, கூடவே கிருமிக் கூட்டம். 2005-ல் இருவருக்கும் நோபல்.

இதுவரை எல்லாக் கட்டுரையிலும் வரும். கொஞ்சம் பொறுங்கள், இதில் புற்றுநோய் எங்கே வந்தது? மார்ஷல் நிரூபித்தது அழற்சியை. அவருக்கு அல்சர் கூட வரவில்லை. நோபல் குறிப்பிலும் இரைப்பை அழற்சி, வயிற்றுப்புண் இரண்டும்தான் இருக்கின்றன.

புற்றுநோயை இந்த மாதிரி குடித்துக் காட்ட முடியாது. தொற்று பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே வருகிறது. அழற்சி வந்து, பிறகு இரைப்பையின் உள்படலம் மெலிந்து, செல்கள் குடல் செல் மாதிரி உருமாறி, கடைசியில் புற்றுநோயாக முப்பது நாற்பது வருஷம் பிடிக்கும். சரி, புற்றுநோய் வந்தவர்களின் இரைப்பையில் கிருமியைத் தேடலாமே? அதிலும் ஒரு வில்லங்கம். படலம் மெலிந்து அமிலம் சுரப்பது குறைந்தபின் கிருமியே அங்கே குடியிருக்க முடியாமல் காலி செய்துவிடும். திருடன் போன பிறகு வீட்டைச் சோதனை போடுவது மாதிரி.

அப்படியானால், புற்றுநோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே அந்த ஆள்களின் ரத்தம் வேண்டும். அதிர்ஷ்டவசமாக அது இருந்தது! ஹவாயில் 1967 முதல் 1970 வரை, இதயநோய் ஆராய்ச்சியை ஒட்டி, ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 5,908 பேரிடம் ரத்தம் எடுத்து உறைய வைத்திருந்தார்கள். அப்போது இந்தக் கிருமிக்குப் பெயர் கூட இல்லை. 1989-க்குள் அவர்களில் 109 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. ஆபிரகாம் நொமுரா குழுவினர் பழைய சீரத்தை வெளியே எடுத்து, கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். புற்றுநோய் வந்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட 109 பேரில் 76 சதவீதம். கணக்குப் போட்டால் ஆபத்து சுமார் ஆறு மடங்கு. அதே 1991-ல் கலிஃபோர்னியாவில் ஜூலி பார்சனெட் குழுவும், பிரிட்டனில் டேவிட் ஃபார்மன் குழுவும் இதே வழியில் இதே திசையைக் காட்டின.

என் கணக்கில் இந்தக் கதையின் திருப்பம் இதுதான். குடித்த கோப்பை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இருபது வருஷம் குளிர்பெட்டியைக் காத்தவர்களை யாருக்கும் தெரியாது.

1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்தக் கிருமியை முதல் வகை, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் சேர்த்தது. அதில் ஏறிய முதல் பாக்டீரியா இது. 2001-ல் ஜப்பானின் உயெமுரா குழு 1,526 பேரைச் சராசரியாக எட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கண்காணித்து எழுதியது: தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய், தொற்று இல்லாத 280 பேரில் ஒருவருக்குக் கூட இல்லை. இன்னொரு வினோதம், முன்சிறுகுடல் அல்சர் இருந்தவர்களில் யாருக்கும் வரவில்லை! ஒரே கிருமி, இரண்டு பாதை. அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியோடு நின்று அமிலம் கூடினால் அல்சர். மேலே பரவி அமிலச் சுரப்பிகளை அழித்தால் புற்றுநோய் அபாயம்.

நம்மூர் விஷயத்துக்கு வருவோம். நான் பிழைக்க வந்த புனேயில், ஆபீஸில் பாதிப் பேர் மேஜை இழுப்பறையில் ஆசிட் மாத்திரை இருக்கும். "டென்ஷன் யார்" என்பார்கள். ஊரில் என் பெரியப்பாவும் இப்படித்தான், பல வருஷம் அல்சர் என்றே சொல்லிக்கொண்டு பிங்க் நிற மருந்தைக் குடித்தார். கேன்சர் என்று தெரிந்தபோது அறுவை சிகிச்சை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. இந்தியாவில் இந்தத் தொற்று சர்வசாதாரணம். ஆனால் அந்த அளவுக்குப் புற்றுநோய் இல்லை. அதே சமயம் ஊருக்கு ஊர் வித்தியாசம் பெரிது: மிசோரமின் ஐஸ்வாலில் மிக அதிகம், சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருக்கிறது. கிருமியின் ரகம், உப்பு, புகை போட்ட இறைச்சி, புகையிலை, நம் உடம்பின் வாகு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் இது. கிருமி இருப்பவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் புற்றுநோய் வரும். எனவே பதற வேண்டாம்.

ஆனால் அலட்சியமும் வேண்டாம். தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் மொத்தத்தையும் பரிசோதித்துக் கிருமியை ஒழித்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2021-ல் கணக்குக் காட்டினார்கள். ஜப்பான் 2013-லிருந்து, அல்சர் இல்லாமல் வெறும் அழற்சி இருந்தாலும் கிருமி ஒழிப்புச் சிகிச்சையைக் காப்பீட்டில் கொடுக்கிறது.

வாரன் 2024-ல் காலமானார். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், அல்லது அல்சர் என்று வருஷக்கணக்கில் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், இந்தக் கிருமிக்கு டெஸ்ட் எடுக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள். மூச்சை ஊதிக் காட்டும் டெஸ்ட் கூட இருக்கிறது. எடை குறைவது, சாப்பாடு இறங்காதது, மலம் கறுப்பாகப் போவது எல்லாம் இருந்தால் தள்ளிப் போடாமல் எண்டோஸ்கோபிக்குப் போங்கள். தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி போகாது, மருந்துக்குத்தான் பழகிக்கொள்ளும்.