இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும்: மாற்று விகித வரலாறு

இந்தியாவிலும் இலங்கையிலும் நாணயத்தின் பெயர் ஒன்றே. தமிழகத்தார் 'ரூபாய்' என்பதை ஈழத்தார் 'ரூபா' என்பர். அதன் நூற்றில் ஒரு கூற்றை இங்குப் 'பைசா' என்றும் அங்குச் 'சதம்' என்றும் வழங்குவர். வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது இப்பெயர். பெயரைப் போன்றே மதிப்பும் 1966 வரை ஒன்றாயிருந்தது. அவ்வொப்புமை எங்ஙனம் தோன்றியது, எவ்வாறு அழிந்தது, அதனால் எவர் எதனைப் பெற்றனர், எதனை இழந்தனர் என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1. வெள்ளிக் காலம்

1835ஆம் ஆண்டுச் சட்டப்படி கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட ரூபாய் 180 கிரெயின் எடையுடையது. அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. ஆங்கில ஆட்சியினர் இலங்கையில் பவுன், ஷில்லிங், பென்ஸ் கணக்கை நிலைநிறுத்த முயன்றனராயினும், காப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவினின்று சென்ற தொழிலாளர் கையில் புழங்கியது வெள்ளி ரூபாயே. முடிவில் வழக்கே வென்றது. 1872 முதல் ரூபாய் இலங்கையின் கணக்குப் பணமாயிற்று. 100 சதம் ஒரு ரூபாய் என்னும் பகுப்பும் உடன் வந்தது. இந்தியாவோ அணாக் கணக்கை விட்டு நூற்றுக்கூறு முறையை மேற்கொண்டது 1957 ஏப்ரல் முதல் நாளில்தான். பதின்மக் கணக்கில், ரூபாயைத் தந்த நாட்டினும் பெற்ற நாடு 85 ஆண்டு முந்தியது என்க.

இரு நாட்டிலும் ஒரே வெள்ளி நாணயம் வழங்கியமையால் மாற்று விகிதம் என்னும் வினாவிற்கே அன்று இடமில்லை. 1870க்குப் பின் வெள்ளி விலை உலகெங்கும் வீழ, ரூபாயும் உடன் வீழ்ந்தது. 1893இல் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்று ரூபாய் அடித்துத் தருவதை நிறுத்தின. பின்னர் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் எனவும், 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் எனவும் ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டது. இம்மாற்றங்களில் இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயைப் பின்பற்றியே சென்றது.

2. ஸ்டெர்லிங் காலம்

1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது இந்தியாவும் இலங்கையும் ஒருங்கே குறைத்தன. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.31 ரூபாய் என்றிருந்தது 4.76 ஆயிற்று. பாகிஸ்தான் அவ்வாறு செய்யவில்லை. அதனால் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்னும் விகிதம் 1955 வரை நிலவியது. ஒரு மூலத்தினின்று பிரிந்தமை மட்டும் ஒப்புமைக்குக் காரணமாகாது என்பது இதனால் பெறப்படும்.

1950இல் இலங்கை மத்திய வங்கி தோன்றியது. இந்திய ரூபாயோடு இலங்கை ரூபாய்க்கிருந்த சட்டப் பிணைப்பு நீங்கி, 2.88 கிரெயின் தூய தங்கம் அதன் மதிப்பாக விதிக்கப்பட்டது. இந்திய ரூபாயின் தங்க மதிப்பும் அதுவே. கட்டவிழ்ந்த பின்னும் 16 ஆண்டு ஒப்புமை நின்றதற்குக் காரணம், இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டமையே எனலாம்.

3. பிரிவு

1966 ஜூன் 6ஆம் நாள் இந்தியா டாலர் ஒன்றுக்கு 4.76 என்றிருந்த விகிதத்தை 7.50 ஆக்கியது. இலங்கை அசையாது நின்றது. அன்று முதல் 100 இலங்கை ரூபாய்க்கு 157.50 இந்திய ரூபாய். 1967 நவம்பரில் பவுன் மீண்டும் வீழ்ந்தபோது இலங்கை 4.76ஐ 5.95 ஆக்கியது, இம்முறை இந்தியா அசையவில்லை. 157.50 என்பது 126 ஆயிற்று. 1968 மே முதல் இலங்கையில் அயல்நாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. அதனால் ஒரே நாணயத்திற்கு இரு விலை ஏற்பட்டன. 1977 நவம்பரில் அவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, டாலர் ஒன்றுக்கு 16 ரூபாய் எனத் தொடங்கிற்று. அப்போது ஓர் இலங்கை ரூபாய் ஏறத்தாழ 54 இந்தியக் காசு. பதினோராண்டுக்குள் மேலது கீழதாயிற்று.

4. தோட்டத் தொழிலாளர்

இவ்வேறுபாடு வணிகர் கணக்கேட்டோடு நின்றதன்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ, சாஸ்திரி ஆகியோர் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியக் குடிகளாகத் திரும்ப வேண்டியவராயினர். அவர்தம் சேமலாப நிதி, பணிக்கொடை முதலியவற்றை உடன்கொண்டு செல்லலாம் எனவும், ஒரு குடும்பம் கொண்டு செல்லும் தொகையின் உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது எனவும் அவ்வொப்பந்தம் கூறிற்று.

அந்த 4,000 இலங்கை ரூபாயை அடிப்படை விகிதங்களால் கணக்கிடுவோம். ஒப்பந்தம் எழுதிய நாளில் அது 4,000 இந்திய ரூபாய். 1966 ஜூனுக்குப் பின் 6,300. 1967 நவம்பருக்குப் பின் 5,040. 1977 இறுதியில் 2,200ஐயும் எட்டாது. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பு ஒன்றே. தலைமன்னாரில் கப்பலேறிய ஆண்டு வேறு. இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பம் நிலம் வாங்குமா, கூலிக்குச் செல்லுமா என்பதில் அவ்வாண்டிற்கும் பங்குண்டு. தொகையை எண்ணால் உறுதிசெய்த ஒப்பந்தம் அதன் மதிப்பை உறுதிசெய்யவில்லை.

5. முடிபு

2022 மார்ச்சில் இலங்கை தன் நாணயத்தைத் தளர்த்தியபோது, டாலர் ஒன்றுக்கு 200 ரூபாயளவில் நின்றது சில வாரங்களில் 350ஐக் கடந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு நான்கரை இலங்கை ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளியும் ஸ்டெர்லிங்கும் தங்கமும் மாறி மாறித் தாங்கிய ஒப்புமை, அத்தாங்கல் நீங்கியதும் நீங்கியது. பெயரொற்றுமை மதிப்பொற்றுமையைத் தாராது. பழைய கூலிக் கணக்கையும் கடன் பத்திரத்தையும் ஆராய்வோர், 'ரூபாய்' என்று எழுதியிருக்கக் கண்டவிடத்து, எந்நாட்டு ரூபாய், எவ்வாண்டு ரூபாய் என முதற்கண் வினவுதல் வேண்டும்.