பாலைவனக் கட்டடக்கலைக் கல்வி

பாலைவனக் கட்டடக்கலைக் கல்வி: மழை அரிதான, பகல் வெயிலும் இரவுக் குளிரும் கடுமையான நிலங்களில், நீரையும் எரிபொருளையும் விரயமாக்காமல் வீடுகளையும் ஊர்களையும் அமைக்கக் கற்றுத்தரும் பல்கலைக்கழகத் துறை. எகிப்து, ஈரான், யெமன், மாலி போன்ற நாடுகளில் இந்த அறிவு பல நூற்றாண்டுகளாகக் கொத்தனார்களின் கைப்பழக்கமாகவே இருந்துவந்தது. எழுத்தில் பதிவானது சொற்பம்.

கல்வித்துறையாக இது எப்போது தொடங்கியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. லண்டனில் 1954இல் தொடங்கிய வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறையை முதலாவதாகக் கொள்வோர் உண்டு. அதற்கும் முன்பு கெய்ரோவில் எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி ஆசிரியராக இருந்த ஆண்டுகளிலிருந்து கணக்கிடுவோரும் உண்டு.

கெய்ரோ

ஹசன் ஃபாத்தி (1900–1989) 1930இல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரமும் இரும்பும் கிடைக்காமல் போயின. பச்சைச் செங்கல்லால் சுவர் எழுப்பிவிடலாம், கூரைதான் சிக்கல். வளைகூரை போடுவதென்றால் அதைத் தாங்கச் சென்ட்ரிங் அடிக்க வேண்டும், அதற்கும் மரம் வேண்டும். சென்ட்ரிங் இல்லாமல் அவர் போடவைத்த கூரைகள் இடிந்து விழுந்தன. எகிப்தின் தென்பகுதியில் வாழும் நுபியர்கள் சென்ட்ரிங் இல்லாமல்தான் கூரை போடுகிறார்கள் என்று, அஸ்வான் அணைப் பணியிலிருந்த அவருடைய சகோதரர் தகவல் சொன்னார். 1941இல் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள் சிலருடன் ஃபாத்தி அஸ்வானுக்குப் போனார். இத்துறையின் முதல் களப்பயணம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

அங்கே கொத்தனார்கள் செய்துகாட்டிய முறையை ஃபாத்தி நுணுக்கமாக எழுதிவைத்திருக்கிறார். கூரைக்கான செங்கல் தனி: 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம். எடை குறைய வேண்டும் என்பதற்காக மண்ணில் வைக்கோல் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஈரம் காயுமுன் அதன் முகத்தில் விரல்களால் இரண்டு கோடுகள் இழுத்துவிடுவார்கள்; சேற்றுச் சாந்தில் வைத்து அழுத்தும்போது செங்கல் கவ்விப்பிடித்துக்கொள்ள அந்தப் பள்ளங்கள் உதவும். அறையின் ஒரு முனைச் சுவரை உயர்த்தி, அதில் சேறு பூசி, கொத்தனார் அளவுகோலோ கயிறோ இல்லாமல் கண்மதிப்பிலேயே வளைவை வாய்ச்சியால் செதுக்கி எடுப்பார். முதல் வரிசை அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கும், அடுத்த வரிசை முதல் வரிசையில் சாயும். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் சாய்ந்திருப்பதால் எதுவும் சரிவதில்லை. இப்படியே அறை முழுவதும் மூடிவிடும். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வளைவு, சங்கிலியைத் தொங்கவிட்டுத் தலைகீழாக்கிய வடிவத்துக்கு நெருங்கிவரும். லக்சருக்கு எதிர்க்கரையில் ராமேசியக் கோயிலின் தானியக் களஞ்சியங்கள் இதே முறையில் பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்டவை. மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டி அவற்றின் வளைகூரைகளில் சில இன்றும் நிற்கின்றன.

அஸ்வான் கொத்தனார்களை அழைத்துவந்து 1945 முதல் புதிய குர்னா கிராமத்தை ஃபாத்தி கட்டினார். பழங்காலக் கல்லறைகளின் மேல் குடியிருந்த மக்களை இடம்பெயர்க்க அரசு வகுத்த திட்டம் அது. ஒரு பகுதியோடு நின்றுபோனது. மக்களும் குடிவர மறுத்தனர். கல்லறைப் பொருள்களை விற்றுக் கிடைத்த வருமானத்தை அவர்கள் விட மனமில்லாதது காரணம் என்கிறது ஒரு தரப்பு. கும்மட்டக் கூரை அவர்களுக்குச் சமாதியை நினைவூட்டியது என்கிறது இன்னொன்று. அவர்களைக் கேட்காமலே எடுத்த முடிவு என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. இந்த அனுபவத்தை விவரிக்கும் ஃபாத்தியின் நூல் 1969இல் கெய்ரோவிலும், 1973இல் ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்னும் பொருள்தரும் தலைப்பில் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாகவும் வெளிவந்தது. பல நாட்டு மாணவர்களும் ஃபாத்தியை அறிந்தது இந்த நூலின் வழியாகத்தான்.

லண்டன்

1953 மாநாடு ஒன்றையடுத்து ஏஏ (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) கட்டடக்கலைப் பள்ளி வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறையைத் தொடங்கியது. மாக்ஸ்வெல் ஃபிரைக்குப் பின் 1957 முதல் இதை நடத்திய ஓட்டோ கேனிக்ஸ்பெர்கர், மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தவர். துறை 1971இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறியது. ஓர் ஊரின் மாதாந்தர வெப்பம், ஈரப்பதம், மழை ஆகியவற்றை நிரப்பினால் சுவரின் கனம், ஜன்னலின் அளவு, வீடுகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றைச் சொல்லும் மஹோனி அட்டவணைகள் இத்துறையில் உருப்பெற்றன. அவற்றைக் கொண்ட கைநூல் (1974) தமிழகம் உட்பட இந்தியக் கல்லூரிகளில் பாடநூலாகப் புழங்குகிறது. 1973இல் ஏஏ பள்ளியினர் கெய்ரோவின் 14ஆம் நூற்றாண்டு மண்டபம் ஒன்றில் காற்றோட்டத்தை அளந்தனர். கூரைமேல் வீசும் காற்றை வீட்டுக்குள் இறக்கும் காற்றுப் பிடிப்பான் பற்றிக் கொத்தனார்கள் அறிந்திருந்தது எண்ணாகப் பதிவானது. அந்த அளவீட்டை ஃபாத்தி தம் 1986 நூலில் பயன்படுத்திக்கொண்டார்.

நெகேவ்

பாலைவனத்திலேயே அமைந்த பாடத்திட்டத்துக்கு, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, ஸ்டே போக்கர் வளாகத்தின் பாலைவன ஆய்வு நிறுவனம் எடுத்துக்காட்டு. இது 1970களில் உருவானது. அந்த வளாகத்தில் 1980களில் திட்டமிட்ட நெவே ஸின் குடியிருப்பில், குளிர்கால வெயில் ஒவ்வொரு வீட்டின் தென்முகத்திலும் விழ வேண்டும், அண்டைவீடு அதை மறைக்கக் கூடாது என்பது விதி. கோடையில் இரவுக் குளிர்காற்றை உள்ளே விட்டுக் கனத்த சுவர்களைக் குளிரவைப்பது இங்கே பயிலப்படும் அடிப்படை உத்தி. அதே நெகேவில் பெதுயின் ஊர்கள் பல அரசு அங்கீகாரமின்றி, மின்சாரமும் குழாய்நீரும் இன்றி இருப்பதால், திட்டமிடல் யாருக்காக என்ற விவாதம் தீரவில்லை.

பிற இடங்கள்

பிரான்சின் கிரனோபிளில் 1979இல் நிறுவப்பட்ட கிராத்தேர் ஆய்வு மையம், 1984 முதல் மண் கட்டடக்கலையில் முதுநிலைப் படிப்பை வழங்கியது. தமிழகத்தில் ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம் (1989) நுபிய வளைகூரை முறையைப் பல நாட்டு மாணவர்களுக்குச் செய்முறையாகவே பழக்குகிறது.

அண்மைக்காலம்

அபுதாபியின் மஸ்தார் நிறுவனம் எம்ஐடி ஒத்துழைப்புடன் 2007இல் தொடங்கி, 2017இல் கலீஃபா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அபுதாபியில் கடற்கரைப் புழுக்கம் கோடை இரவிலும் அடங்காது. நெகேவின் இரவுக்காற்று உத்தியை அப்படியே கொண்டுவர முடியவில்லை. குறுகிய நிழல்தெருக்களையும் சுமார் 45 மீட்டர் உயரக் காற்றுக் கோபுரத்தையும் கொண்டு வளாகத்தை அமைத்தனர். கட்டடங்களின் உள்ளே ஏசியும் இயங்குகிறது.