ஓடும் இயந்திரமும் பயிற்சி பெற்ற கையும்: ராஜபாளையம் நூற்பாலைகளை முன்வைத்து

இயந்திரப் பராமரிப்பை மெய்நிகர்க் கருவி கொண்டு கற்பிப்பதன் வரலாறு வழக்கமாக எட்வின் லிங்க் 1929-ல் செய்த விமானப் பயிற்சிக் கூண்டில் தொடங்கும். 1993-ல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்த்த கதையைத் தொட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு வரும். இந்த வரிசைப்படி ராஜபாளையம் கடைசியில் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் ஊர். ஆனால் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற ஆலைகளில் இந்தப் பயிற்சிக்கான தேவை கருவிக்கு வெகு முன்பே இருந்தது என்று கருதுகிறேன்.

இதை மறுப்பவருக்குக் கைகொடுக்கும் நூல் ரிச்சர்ட் சென்னட்டின் ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ (2008). கையும் தலையும் சேர்ந்து இயங்குவதுதான் கைத்திறன். கணினித் திரையைத் தவறாகப் பயன்படுத்தினால் அவை பிரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அட்லாண்டாவின் பீச்ட்ரீ சென்டர் கட்டடத் தொகுதியைச் சான்று காட்டுகிறார். வரைபடத்தில் எடுப்பாக இருந்த திறந்தவெளிக் காபிக்கடைகளில் ஜார்ஜியா வெயிலில் உட்கார முடியவில்லை. சித்திரை வெயிலில் ராஜபாளையம் பஸ் நிலையத்தில் நின்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் சொல்வதில் பாதி உண்மை. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தில் சிலிண்டருக்கும் ஃபிளாட்டுக்கும் இடையே விடும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அளவே இருக்கும். இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் மெல்லிய தகட்டுக் கேஜை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பார். தகடு எவ்வளவு பிடிக்கிறது, எப்போது வழுக்குகிறது என்பதை விரல்தான் சொல்லும். மெய்நிகர்க் காட்சிக்காகத் தலையில் மாட்டும் கண்ணாடி அந்த இழுப்பைத் தராது.

ஆனால் கேஜ் பார்க்கும்போது இயந்திரம் நின்றிருக்கிறது. சென்னட் தவறவிடும் இடம் இதுதான். பீச்ட்ரீ சென்டரை வரைந்த கட்டடக் கலைஞர் நினைத்தால் வெயிலில் போய் நிற்கலாம். போகாதது அவர் தேர்வு. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும்போது கேட்கும் பேரிங் சத்தத்தைப் புதியவர் கிட்டப்போய்க் கற்க முடியாது. நிறுத்தினால் சத்தம் இல்லை, ஓடவிட்டால் ஆபத்து.

இந்த முரணைப் பதிவுசெய்த ஆவணம் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22-ம் பிரிவு. ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ நேர்ந்தால், சிறப்புப் பயிற்சி பெற்ற, வயதுவந்த ஆண் தொழிலாளியே செய்ய வேண்டியிருந்தது. உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டியிருந்தது. உடை, பெயர், பதிவேடு வரை கவனித்த சட்டம், பயிற்சியை யார், எத்தனை நாள், எந்த இயந்திரத்தில் தருவது என்று அந்தப் பிரிவில் சொல்லவில்லை. பயிற்சி பெறாதவர் ஓடும் இயந்திரத்தைத் தொடக்கூடாது என்றிருந்தது. தொடாமல் பயிற்சியும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரும் நிலையில் நிற்கும் தேரை வைத்துத் தொழில் பழக முடியாது. அங்கே மூத்தவர் பக்கத்தில் நிற்கிறார். ஆலையில் அந்த இடத்தை மேற்பார்வை பார்த்த ஜாபரும் மேஸ்திரியும் நிரப்பினார்கள் என்றே கொள்ள வேண்டும். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் 1987-ல் அதே சட்டத்தில் சேர்ந்த 111ஏ பிரிவு பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. ஆனாலும் இந்த முடிச்சு அவிழவில்லை.

ஹப்பிள் கதையும் சென்னட்டுக்குச் சாதகமல்ல. அங்கே மெய்நிகர்ச் சூழலில் பழகிய நூற்றுக்கு மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் தரையிலிருந்த குழுவினர். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எப்படித் திறக்கும் என்று அறிவதே நோக்கம். கைக்கு மாற்றாக அல்ல, கை எட்டாததைக் காட்டவே கருவி வந்தது.

அடுத்துச் சொல்வதற்குச் சான்று மெலிது. இருந்தும் அழுத்திச் சொல்கிறேன். அதே 22-ம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஓட்டத்தில் இருக்கும் விசைக் கடத்தி உறுப்புகளைத் துடைப்பதையும் எண்ணெய் விடுவதையும் பெண்களுக்குத் தடுத்தது. நூற்பாலைகளில் பெண்கள் அறுந்த நூலை இணைக்கும் சைடராகவும், நிரம்பிய நூற்கண்டுகளைக் கழற்றும் டாபராகவும் நிறைந்திருக்க, பிட்டர் வேலை ஆண்களிடமே தங்கியதற்கு வழக்கம் மட்டும் காரணமல்ல, இந்த வாசகமும் ஒரு காரணம். மெய்நிகர் இயந்திரமோ சட்டத்தின் கண்ணில் ஓடும் இயந்திரமே அல்ல. அதை யாரும் திறந்து பார்க்கலாம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் எல்லா வகை வேலைகளிலும் பெண்களைச் சேர்க்க இடமளித்தபின் இதன் பொருள் கூடியிருக்கிறது.

தமிழக அரசு ரூ.2,877.43 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தியபோது வந்த புதுப் பிரிவுகளில் ஒன்று ‘பேசிக் டிசைனர் அண்ட் விர்ச்சுவல் வெரிஃபையர்’. அதாவது மெய்நிகர் நுட்பம் வரைவாளர் வாசல் வழியாக நுழைந்திருக்கிறது, பிட்டர் வாசல் வழியாக அல்ல. மெய்நிகர்ப் பயிற்சியின் தொடக்க ஆண்டை 1929 என்பதா, 1948 என்பதா, 1993 என்பதா என்ற வழக்கை இங்கே தீர்க்க முனையவில்லை. கருவியைத் தேடினால் ஓர் ஆண்டு, தேவையைத் தேடினால் வேறோர் ஆண்டு.

ராஜபாளையத்து ஆலைகளோ, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகமோ இப்படியொரு பாடம் அமைக்க முற்பட்டால், ஓடும் ரிங் ஃபிரேமில் தொடங்கட்டும். முதல் வகுப்பில் சைடர் பெண்களை உட்காரவைக்கட்டும். கேஜ் பிடிக்கும் பாடத்தைப் பிட்டரிடமே விட்டுவிடலாம்.